ஆயில் சூடு ஏறிக்கொண்டே போனால்: பெரிய கூலர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. சத்தத்தில் குறையில்லை, இழுவையிலும் குறையில்லை. ஆனால் ஓடுபாதையை விட்டு எழும்பி ஏறத் தொடங்கியதும் ஆயில் வெப்பநிலை 95, 100, 108 டிகிரி என்று நிற்காமல் போகிறது. வீட்டில் விமானம் கட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. அதற்கு அடிக்கடி கிடைக்கும் பதில், "பெரிய கூலர் போடுங்க" என்பது.

அந்தப் பதில் பல நேரம் பணத்தை மட்டும் தின்றுவிட்டு, சூட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். காரணம், கூலர் (சூடான ஆயிலைக் காற்றால் ஆறவைக்கும் பாகம்) ஒரு நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி. ஆயில் அதற்குள் போக வேண்டும், காற்றும் போக வேண்டும், போன காற்று வெளியே வர வேண்டும். அதற்கும் முன்னால், மீட்டர் உண்மை சொல்ல வேண்டும். இதில் எது அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வேலைதான்.

சிங்கப்பூரில் விமானப் பராமரிப்புத் துறையில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். சாங்கியிலும் சிலேத்தாரிலும் டர்பைன் இன்ஜின்களோடு பழகியவர்களுக்கு இந்தச் சிறு பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் புதிராகத் தெரியலாம். பெரிய டர்பைன்களில் ஆயிலின் சூட்டைப் பெருமளவு எரிபொருளே வாங்கிக்கொள்ளும்; இரண்டும் ஒரே வெப்பமாற்றியின் வழியே ஓடும். இங்கே அந்த வசதி கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டு துளைகள் வழியே வரும் காற்றுதான் எல்லாம். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம். கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் அளவு.

ஆயில் எங்கே சூடாகிறது, எங்கே ஆறுகிறது

பெட்ரோலை எரிப்பதால் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது. மீதி எல்லாம் வெப்பம். அதில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியே போய்விடும். இன்னொரு பகுதி சிலிண்டரின் துடுப்புகள் வழியே காற்றுக்குப் போகும். மிச்சம் இருக்கும் சிறு பங்கு ஆயிலுக்கு வருகிறது. பிஸ்டனின் அடிப்பக்கம், பேரிங்குகள், எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு ஆகிய இடங்களைத் தொட்டு வரும் ஆயில்தான் அந்தச் சூட்டைச் சுமக்கிறது.

சிறு விமானங்களில் பரவலாக இருக்கும் லைகோமிங் வகை இன்ஜினில் ஆயிலின் பாதை இப்படி: அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்பிலிருந்து பம்ப் ஆயிலை இழுக்கிறது. அது கூலருக்குப் போய் ஆறித் திரும்பி, ஃபில்டரைக் கடந்து, இன்ஜினின் உள்வழிகளுக்குள் நுழைகிறது. கூலருக்குப் போகும் வழியைக் கட்டுப்படுத்த வெர்னாதெர்ம் என்ற சிறிய வால்வு இருக்கிறது. ஆயில் குளிர்ந்திருக்கும்போது அது சுருங்கி நிற்கும். கூலரைத் தொடாத குறுக்கு வழி திறந்திருக்கும். சுமார் 85 டிகிரி ஆனதும் அது நீண்டு அந்தக் குறுக்கு வழியை அடைத்துவிடும். அப்புறம் ஆயில் கூலர் வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஆயில் வெப்பநிலை சென்சார் இருப்பது கூலருக்குப் பின்னால், ஃபில்டர் பக்கம். அதாவது மீட்டரில் தெரியும் எண், ஆயில் ஆறி முடித்து இன்ஜினுக்குள் நுழையும் நேரத்து எண். பேரிங்குகளைக் கடந்து சம்புக்கு வழியும்போது அதே ஆயில் இதைவிடக் கணிசமாகச் சூடாக இருக்கும். "வரம்பு 118, மீட்டர்ல 115தானே, இன்னும் மூணு டிகிரி பாக்கி இருக்கே" என்று நிம்மதி அடைவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எந்த எண் அதிகம், எந்த எண் குறைவு

பொதுவான லைகோமிங் O-320, O-360 (முதல் எழுத்து, சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் அமைப்பைக் குறிக்கிறது) இன்ஜின்களுக்கு உச்ச வரம்பு 118 டிகிரி. இன்னொரு சிறு விமான இன்ஜினான ரோடாக்ஸ் 912-இன் 100 குதிரைசக்தி வகைக்கு 130 டிகிரி. ஒரே 112 டிகிரியைப் பார்த்து ஒருவர் பதறுவதும் இன்னொருவர் தோளைக் குலுக்குவதும் இதனால்தான். இருவரும் பேசுவது வேறு வேறு இன்ஜினைப் பற்றி. உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ள எண்தான் உங்கள் எண்.

சூடு கூடினால் ஆயில் நீர்த்துப்போகும். பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய மெல்லிய படலம் இன்னும் மெலியும், ஆயில் அழுத்தம் இறங்கும், செலவும் கூடும். நாள்பட்டால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, பழுப்புப் பூச்சாகப் பாகங்களில் ஒட்டும்.

ஆனால் குளிர்ச்சி அதிகமானாலும் கெடுதல்தான், அதுவும் சிங்கப்பூரில். எரிதலின்போது உண்டாகும் நீராவி கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் சேர்ந்துவிடும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அந்த ஈரம் ஆவியாகி ப்ரீதர் குழாய் வழியே வெளியேறும். இல்லாவிட்டால் அது அமிலமாகித் துருவை வளர்க்கும். லைகோமிங்கில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் தண்டு மேலே இருக்கிறது. விமானம் சும்மா நின்றால் அதிலிருந்து ஆயில் வழிந்து இறங்கிவிடும். ஆண்டு முழுவதும் ஈரம் சொட்டும் நம் காற்றில் அது எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே லைகோமிங்குக்கு நாம் தேடுவது 82 முதல் 95 வரை உள்ள இடம். ரோடாக்ஸுக்கு 90 முதல் 110 வரை. பறக்கும் நாளில் ஒருமுறையாவது 100 டிகிரியைத் தொட வேண்டும் என்பது ரோடாக்ஸ் தயாரிப்பாளரின் அறிவுரை.

நம்மூர் வெப்பம் தின்னும் பங்கு

கிட் விமானங்களின் (பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டுபவை) கூலிங் அமைப்பு பெரும்பாலும் மிதமான நாடுகளில் பறந்து பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. பாடநூல்களில் வரும் நிலையான வளிமண்டலத்தின் தரைமட்ட வெப்பநிலை 15 டிகிரி. சிங்கப்பூரில் பகல் உச்சம் வழக்கமாக 31, 32 டிகிரி. 2023 மே 13-ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-க்குப் பிறகு அதுவரை அப்படி ஒரு சூடு இங்கே பதிவானதில்லை.

கூலர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 100, காற்று 15 என்றால் வித்தியாசம் 85. காற்று 32 ஆகிவிட்டால் வித்தியாசம் 68. அதே கூலர், அதே வேகம், ஆனால் வேலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சூடான காற்று அடர்த்தியிலும் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் போகும்.

நடைமுறையில் இதை எளிதாக வைத்துக்கொள்ளலாம்: வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஆயிலும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடும். குளிரான ஊரில் 15 டிகிரி காற்றில் 90 காட்டிய விமானம், இங்கே 32 டிகிரியில் 107 காட்டினால் அது பழுதல்ல, கணக்கு. அதனால் வேறு நாட்டில் ஒருவர் எழுதிய எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடும்போது, அன்றைய வெளிக்காற்றின் வெப்பநிலை இரண்டுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத ஒப்பீட்டால் எந்தப் பயனும் இல்லை.

தேடும் வரிசை

செலவில்லாததையும் எளிதானதையும் முதலில் பார்த்துவிட்டு, பிரிக்க வேண்டியதைக் கடைசிக்கு விட வேண்டும்.

1. மீட்டர் உண்மை சொல்கிறதா?

சென்சாரைக் கழற்றி, வயரோடு சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் அதன் முனையை விடுங்கள். மீட்டர் 100 காட்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் உயரத்துக்கான திருத்தம் ஏதும் தேவையில்லை. சென்சாரின் உடல் வழியே எர்த் கிடைக்கும் வகை என்றால், அதன் உடலை இன்ஜினோடு ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும்.

அந்த எர்த்தே பல நேரம் குற்றவாளி. வீட்டில் கட்டிய விமானத்தில் வயரிங் முழுவதும் கட்டியவர் கைவேலை. இன்ஜினுக்கும் சட்டகத்துக்கும் இடையிலான எர்த் பட்டை தளர்ந்திருந்தால், சென்சாரின் மின்சாரமும் ஆல்டர்னேட்டரின் மின்சாரமும் ஒரே மோசமான இணைப்பின் வழியே திரும்பும். மீட்டர் பொய்யாக நகரும். கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போது லேண்டிங் லைட்டைப் போடுங்கள். ஆயில் வெப்பநிலை அந்த நொடியே மாறினால் அது ஆயிலின் வேலை அல்ல. நான்கைந்து லிட்டருக்கும் மேல் இருக்கும் ஆயில் ஒரு நொடியில் சூடாகாது.

2. ஆயில் சரியான அளவில், சரியான தரத்தில் இருக்கிறதா?

அளவு குறைந்தால் அதே ஆயில் அடிக்கடி சுற்றி வரும், ஆற நேரம் கிடைக்காது. தரத்தைப் பொறுத்தவரை, நம் வெப்பநிலையில் ஆண்டு முழுவதும் விமானத் தர 100 எண் ஆயிலோ (கடையில் 50 கிரேடு என்று சொல்வதற்குச் சமம்) 15-50, 20-50 போன்ற மல்டிகிரேடோ லைகோமிங்குக்குப் பொருந்தும். குளிர்நாட்டுக் குளிர்காலத்துக்கான மெல்லிய ஆயிலை இங்கே ஊற்ற ஒரு காரணமும் இல்லை.

3. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூட்டை உண்டாக்குகிறதா?

இதற்கு முதல் சாட்சி சிலிண்டர் தலையின் வெப்பநிலை. ஆயிலும் சிலிண்டரும் சேர்ந்து சூடானால், மொத்தக் காற்றோட்டம், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), எரிபொருள் கலவை இவற்றைச் சந்தேகிக்கலாம். டைமிங் சில டிகிரி முன்னால் போயிருந்தாலே சிலிண்டர் சூடாகும். சிலிண்டர் எல்லாம் சரி, ஆயில் மட்டும் சூடு என்றால் கூலர், வெர்னாதெர்ம், சென்சார், ரிங் என்று வட்டம் சுருங்கிவிடும். இந்த ஒரு ஒப்பீட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து.

ரிங் சந்தேகத்தைத் தீர்க்க, சிலிண்டருக்குள் 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. எண்ணைவிடக் காது முக்கியம். ஆயில் ஊற்றும் வாயில் காதை வைத்து "உஸ்" என்று கேட்டால் காற்று ரிங்கைத் தாண்டுகிறது. அதே வழியில்தான் ஓடும்போது எரிந்த வாயுவும் ஆயிலை நோக்கிப் பாய்கிறது. எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு.

புது இன்ஜின் என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பொருந்தும் வரை உராய்வும் அதிகம், கசியும் வாயுவும் அதிகம். முதல் சில மணி நேரங்களில் தெரியும் எண் நிலையான எண் அல்ல. அந்தக் காலத்தில் தரையில் நிறுத்தி நெடுநேரம் ஓட்டிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. காற்றும் இல்லை, ரிங் பொருந்தத் தேவையான அழுத்தமும் இல்லை.

இன்னொன்று: 200 குதிரைசக்தி லைகோமிங்கில் பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் சிறு குழல்கள் உண்டு. அந்த வகை இயல்பாகவே ஆயிலில் அதிகச் சூட்டைப் போடும். 160 குதிரைசக்திக்குப் போதுமான கூலர் அதற்குப் போதாமல் போனால் வியப்பில்லை.

4. ஆயில் கூலருக்குள் போகிறதா?

வெர்னாதெர்மைக் கழற்றி, அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கினால் அது நீள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 85 டிகிரிக்குள் முழுதும் நீண்டுவிட வேண்டும். நீள்கிறது என்றால் பாதிதான் முடிந்தது. அதன் கூம்பு முனை போய் உட்காரும் இருக்கையைப் பார்க்க வேண்டும். முனையில் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் நீல மையைப் பூசி இருக்கையில் அழுத்தி எடுத்தால், முழு வட்டமாக ஒரு கோடு பதிய வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் அந்த இடைவெளி வழியே சூடான ஆயில் கூலரைத் தொடாமலே இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பழைய இன்ஜின்களில் இந்தத் தேய்மானம் சாதாரணம்.

ஹோஸ்களையும் அவற்றின் வளைவுகளையும் பாருங்கள். உள்விட்டம் குறைந்த தொண்ணூறு டிகிரி முழங்கை ஒன்று, நல்ல கூலரையும் பட்டினி போட்டுவிடும். பழைய இன்ஜினிலிருந்து கழற்றிய கூலர் என்றால் எச்சரிக்கை வேண்டும். அந்த இன்ஜின் உடைந்து போயிருந்தால் அதன் உலோகத் துகள் கூலரின் உள்மடிப்புகளில் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதும் வராது. அதைத் தூக்கிப் போடுவதுதான் சரி.

5. காற்று கூலருக்குள் போகிறதா, போனது வெளியே வருகிறதா?

பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் இருக்கின்றன என்பதால் இதைத் தனியாகப் பார்ப்போம்.

காற்றின் வழி

கவுலிங்கின் (இன்ஜினை மூடியிருக்கும் உறை) முன்துளைகளில் புகும் காற்று இன்ஜினின் மேல்பக்கம் தேங்கி அழுத்தத்தை உண்டாக்குகிறது. அங்கிருந்து சிலிண்டர்களின் இடுக்கு வழியாகவும் கூலர் வழியாகவும் கீழே இறங்கி, அடியில் உள்ள வாய் வழியே வெளியேறுகிறது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளும் ஒரே சக்தி. வீவக வீட்டில் ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று வராது, எதிர்ப்பக்கமும் திறந்தால்தான் வீடு முழுக்க வீசும். அதே கதைதான். முன்துளையைப் பெரிதாக்குபவர்கள் பலர் பின்வாயைப் பார்ப்பதே இல்லை.

வேகத்தின் கணக்கு இதில் கொடூரமானது. காற்றின் இயக்க அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 120 நாட் வேகத்தில் அது சுமார் 240 மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். 70 நாட்டில் வெறும் 80. இன்ஜின் முழு பலத்தோடு உழைக்கும் ஏற்றத்தில், குளிரவைக்கும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். சமமட்டத்தில் 90 காட்டும் விமானம் ஏறும்போது 110-ஐத் தொடுவதற்கு இதுவே காரணம்.

அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யூ' வடிவில் ஒரு பலகையில் கட்டி, நிறம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றி, ஒரு முனையை இன்ஜினின் மேல்பக்கத்துக்கும் மறுமுனையை கூலருக்குப் பின்னாலும் கொண்டுபோனால் போதும். இரு பக்கத் தண்ணீர் மட்டங்களின் வித்தியாசம்தான் கூலருக்குக் கிடைக்கும் அழுத்தம். கவுலிங்குக்குள் இருக்கும் முனைகளை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் சில நுண்துளைகள் போட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வாயில் நேராக அடிக்கும் காற்று கணக்கைக் கெடுக்கும். உபரியாக ஒரு வேகமானி கையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்: அதன் பிட்டோ துளையை (எதிர்க்காற்றின் அழுத்தம் வாங்குவது) மேல்பக்கத்தோடும் ஸ்டாட்டிக் துளையை (சாதாரணக் காற்றழுத்தம் வாங்குவது) கீழ்ப்பக்கத்தோடும் இணைத்தால், அது காட்டும் 70 நாட் என்பது 80 மில்லிமீட்டர் தண்ணீர்தான்.

70 நாட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் 40 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை என்றால், கிடைக்க வேண்டிய அழுத்தத்தில் பாதிக்கு மேல் எங்கோ போய்விடுகிறது. எங்கே என்று கண்டுபிடிப்பது கண்ணின் வேலை.

பேஃபிள் ரப்பரைப் பாருங்கள். இன்ஜினைச் சுற்றி நிற்கும் அலுமினியத் தடுப்புகளின் மேல்விளிம்பில் சிலிக்கோன் ரப்பர் பட்டை இருக்கும். அது முன்னோக்கி, அதாவது அழுத்தம் இருக்கும் பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றே அதைக் கவுலிங்கோடு அழுத்தி மூடும். கவுலிங்கை மூடும் அவசரத்தில் பட்டையின் ஒரு மூலை பின்னால் மடங்கிவிடுவது மிகவும் சகஜம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சில மணி நேரம் பறந்த பிறகு மேல் கவுலிங்கைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்: ரப்பர் உரசிய இடமெல்லாம் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே காற்று தப்பிப் போகிறது.

இன்னொரு வழி, ஹேங்கரின் விளக்குகளை அணைத்துவிட்டு, கவுலிங்குக்குக் கீழே ஒரு பிரகாசமான விளக்கை வைத்து, முன்துளை வழியே உள்ளே பார்ப்பது. சிலிண்டர் துடுப்புகளையும் கூலரையும் தவிர வேறு எங்கு வெளிச்சம் கசிந்தாலும் அது ஓட்டை. இன்ஜின் மூலைகளில், பேஃபிள் தகடுகள் சந்திக்கும் இடங்களில், வயர்கள் புகும் துளைகளில் நிறையத் தெரியும். சிலிக்கோன் பசையால் அடைத்துவிடலாம். சில வெள்ளி செலவு. பல விமானங்களில் சூட்டுப் பிரச்சினை இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

கூலரை ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் உள்ள தடுப்பு) பொருத்தி, நெளிவுக் குழாய் வழியே காற்றைக் கொண்டுபோகும் அமைப்பு என்றால் குழாயின் அளவு முக்கியம். 75 மில்லிமீட்டர் குழாயை 100 ஆக்கினால் வழி ஏறத்தாழ 1.8 மடங்காகும். வளைவுகளைக் குறையுங்கள். வட்டக் குழாய் திடீரென்று அகன்ற கூலர் முகத்தில் முடிந்தால் காற்று நடுவில் மட்டும் பாயும், மூலைகள் சும்மா கிடக்கும். மெதுவாக விரியும் கூம்பு வேண்டும்.

அப்புறம் வெளியேறும் வாய். எக்ஸாஸ்ட் குழாய், கேபிள்கள், ப்ராக்கெட் என்று எல்லாம் அங்கேயே நெருக்கிக்கொண்டு நிற்கும். வாயின் முன்விளிம்பில் கீழ்நோக்கி வளைந்த ஒரு தற்காலிகத் தகடு பொருத்திப் பறந்து பார்த்தால், வெளியேற்றம்தான் தடையா என்று தெரிந்துவிடும். எண் குறைந்தால் நிரந்தர மாற்றத்தை யோசிக்கலாம்.

இரண்டு தெர்மாமீட்டர் தரும் தீர்ப்பு

மேலே உள்ளதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் நான்கு இடங்களில் வெப்பநிலையை அளக்க வேண்டும்: கூலருக்குள் போகும் ஆயில், வெளிவரும் ஆயில், உள்ளே போகும் காற்று, வெளிவரும் காற்று. இரட்டை முனை உள்ள தெர்மோகப்பிள் மீட்டர் ஒன்று போதும், இரண்டு பறத்தலில் முடித்துவிடலாம்.

1. ஆயில் உள்ளே போன சூட்டிலேயே ஏறக்குறைய வெளியே வருகிறது, வெளிவரும் காற்று மிகச் சூடாக இருக்கிறது: காற்று போதவில்லை. வந்த கொஞ்சக் காற்று தன்னால் முடிந்ததைச் சுமந்துவிட்டது. பெரிய கூலர் இங்கே பெரிதாக உதவாது.

2. ஆயில் நன்றாகக் குளிர்ந்து வருகிறது, ஆனால் இன்ஜின் மீட்டர் இன்னும் அதிகம் காட்டுகிறது: கூலர் வழியே சிறிதளவு ஆயில்தான் போகிறது. வெர்னாதெர்ம் இருக்கை அல்லது குழாய் அடைப்பு.

3. ஆயிலும் அதிகம் குளிரவில்லை, வெளிவரும் காற்றும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது: காற்று தாராளமாகப் போகிறது, ஆனால் ஆயிலைச் சரியாகத் தொடவில்லை. கூலர் உள்ளே கசடு படிந்திருக்கலாம், காற்று ஒரு மூலையில் மட்டும் பாயலாம், அல்லது கூலர் உண்மையாகவே சிறியது.

மூன்றாவதில் முதல் இரண்டு வாய்ப்பையும் நீக்கிய பிறகுதான் பெரிய கூலருக்குப் பணம் செலவழிக்க நியாயம் இருக்கிறது. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூலருக்கு அதிகமாக எடுக்கும் காற்று சிலிண்டர்களிடமிருந்து பறித்த காற்று. மாற்றத்துக்குப் பின் சிலிண்டர் தலை வெப்பநிலை ஏறுகிறதா என்று பார்க்காமல் வெற்றியை அறிவிக்கக் கூடாது. ஒரு பறத்தலுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, வெளிக்காற்று, வேகம், உயரம், இன்ஜின் சுற்று எல்லாவற்றையும் எழுதிவைத்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

ரோடாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

ரோடாக்ஸ் 912-இல் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. கூலர் இருப்பது தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில், உறிஞ்சும் பக்கத்தில். லைகோமிங்கில் பம்ப் ஆயிலைக் கூலருக்குள் தள்ளுகிறது, இங்கே கூலர் வழியே இழுக்கிறது. எனவே பாதையில் சிறு தடை வந்தாலும் சூடு மட்டுமல்ல, ஆயில் அழுத்தமும் பாதிக்கப்படும். கூடுதல் கூலர், கூடுதல் வளைவு, கடையில் கிடைத்த ஏதோ ஒரு தெர்மோஸ்டாட் என்று சேர்த்துக்கொண்டே போவது இதில் ஆபத்து. ஹோஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே புகுந்த காற்றைக் கையேட்டின்படி முழுதும் வெளியேற்றிய பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அளவு பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. ப்ரொப்பெல்லரைக் கையால் அது சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், அடியில் தங்கிய ஆயில் தொட்டிக்குத் திரும்பி, கடைசியில் தொட்டியிலிருந்து களகளவென்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு பார்க்கும் அளவுதான் சரியான அளவு. இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதி செய்யாமல் ப்ரொப்பெல்லரைத் தொடவே கூடாது.

வானில் இருக்கும்போது ஏறினால்

மேலே சொன்னதெல்லாம் தரையில் செய்யும் வேலை. பறந்துகொண்டிருக்கும்போது எண் வரம்பை நெருங்கினால், மூக்கை இறக்கி வேகத்தைக் கூட்டுங்கள், பலத்தைக் குறையுங்கள், கலவையைச் செறிவாக்குங்கள். பிறகு பார்க்க வேண்டியது அழுத்த மீட்டர்.

1. வெப்பநிலை மெதுவாக ஏறுகிறது, அழுத்தம் நிலையாக இருக்கிறது, வேகம் கூட்டியதும் வெப்பநிலை இறங்குகிறது: குளிரூட்டலில் குறை. சமமட்டத்தில் பறந்து திரும்பலாம்.

2. வெப்பநிலை ஒரே தாவலில் மீட்டரின் கடைசி எண் வரை போய்விட்டது, அழுத்தம் அசையவில்லை: பெரும்பாலும் சென்சார் அல்லது வயர். இருந்தாலும் அருகில் உள்ள நிலையத்தில் இறங்கிப் பாருங்கள்.

3. வெப்பநிலை ஏறுகிறது, அழுத்தம் இறங்குகிறது: ஆயில் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மீட்டர் பிழையா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இன்ஜின் இன்னும் ஓடும்போதே இறங்குங்கள்.

மூன்றாவது நிலை ஒருமுறை வந்துவிட்டால், தரையில் ஆயில் அளவு சரியாக இருந்தாலும், ஃபில்டரை வெட்டித் திறந்து அதன் மடிப்புத் தாளை விரித்துப் பார்த்த பிறகே அடுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். துகள்கள் மீது காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு வந்தால் எஃகு: கேம், டேப்பெட், ரிங், கியர் பக்கம் தேட வேண்டும். காந்தத்துக்கு அசையாமல் மினுமினுப்பாகக் கிடந்தால் பிஸ்டன், பிஸ்டன் பின் மூடி, பேரிங் இவற்றில் ஒன்று தேய்கிறது. கூலரையும் பேஃபிளையும் விட்டுவிட்டு, இன்ஜினைத் திறக்கத் தகுதியுள்ள மெக்கானிக்கை அழைக்க வேண்டிய கட்டம் அது.